டிராவல் டிரெய்லர் இழுக்க டிரக் தேடுகிறீர்களா? முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

மூன்று வருடத்தில் ஒரே டிராவல் டிரெய்லருக்கு, அதாவது பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீட்டுக்கு, இரண்டு டிரக் வாங்கியிருக்கிறேன். முதல் டிரக்கைப் பதினான்கே மாதத்தில் நல்ல நஷ்டத்துக்கு விற்றேன். இரண்டாவது டிரக் ஃபோர்டு எஃப்-250, 2021 மாடல், எக்ஸ்.எல்.டி. என்கிற வசதி வகை, நான்கு கதவு வைத்த கிரூ கேப், ஃபோர் வீல் டிரைவ், 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 48,000 மைல் ஓடியதை 46,500 டாலர் கொடுத்து எடுத்தேன். இந்த விமர்சனம் அந்த இரண்டாவது டிரக்கைப் பற்றியதுதான், ஆனால் முதல் டிரக்கில் என்ன தப்பு செய்தேன் என்று சொல்லாமல் இதைச் சொன்னால் யாருக்கும் பயன்படாது.

முதல் டிரக் ஹாஃப் டன் வகை, பெரிய பிக்கப் டிரக்குகளில் குறைந்த சுமைக்கானது; எஃப்-250 அதற்கு அடுத்த படியான முக்கால் டன் வகை. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் டிரக் மேல் ஒரு குறையும் இல்லை, அதை நான் சுமக்க வைத்ததுதான் குறை. எங்கள் டிரெய்லர் மூக்கு முதல் வால் வரை 31 அடி. விளம்பரத் தாளில் காலி எடை 5,600 பவுண்டு என்று போட்டிருந்தது. டிரக் விற்றவர் சொன்ன இழுவைத் திறன் 11,200 பவுண்டு. பாதிதானே வருகிறது, தாராளமாக இழுக்கும் என்று அவரும் சொன்னார், நானும் நம்பினேன். சண்டைக்கே இடமில்லாத கணக்கு மாதிரி தெரிந்தது.

நாங்கள் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். முதல் நீளப் பயணம் ஸ்மோக்கி மலைக்கு. ஐ-40 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஓல்டு ஃபோர்ட் தாண்டியதும் ஏற்றம் வரும், ஆறு சதவீதச் சரிவு, ஐந்தாறு மைல் விடாமல் ஏறும். எல்லோரும் அந்த ஏற்றத்தைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். உண்மையில் ஏற்றத்தில் அந்த டிரக் திணறவே இல்லை, டர்போ எஞ்சின், சும்மா ஏறியது. வேர்த்துப்போனது அதற்கு முன்னாடி, சமவெளியில். ஸ்டேட்ஸ்வில் தாண்டி 65 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், பெரிய செமி டிரக் ஒன்று இடப்பக்கம் முந்துகிறது, அது தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் டிரெய்லரின் பின்பக்கத்தில் மோதி வெளியே தள்ளியது, அது எங்களைத் தாண்டும்போது உள்ளே இழுத்தது. ஸ்டியரிங் என் கையில் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. பின் சீட்டில் குழந்தைகள் அமைதியாகிவிட்டார்கள். மனைவி மட்டும் மெதுவாக, “ஏங்க, பின்னாடி யாரோ பிடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கு” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 55-க்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு வலது லேனிலேயே போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வரும்போது எடை போட்டேன். இதை வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். பெரிய டிரக் ஸ்டாப்புகளில், அதாவது பைலட், லவ்ஸ் மாதிரியான இடங்களில், கேட் ஸ்கேல் என்று ஒரு எடைமேடை இருக்கும். டிரக்கின் முன் அச்சு ஒரு பலகையில், பின் அச்சு இன்னொன்றில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கிற மாதிரி நிறுத்தினால் மூன்று எடையும் தனித்தனியாகச் சீட்டில் வரும். செலவு பத்துப் பதினைந்து டாலர் கணக்கில்தான். லாரிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம், ஆர்.வி., அதாவது இந்த மாதிரிச் சக்கர வீடு, வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் போகிறார்கள்.

என் சீட்டில் இருந்தது இது: முன் அச்சு 3,080, பின் அச்சு 4,140, டிரெய்லர் அச்சுகள் 6,180. மொத்தம் 13,400 பவுண்டு. டிரக்கின் பங்கு 7,220. அந்த டிரக் தன் எடையோடு, ஆட்கள், சாமான், டிரெய்லரின் மூக்குப் பாரம் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் இருக்கலாம் என்று நிறுவனம் விதித்த எடை, அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர்., 7,050. பின் அச்சின் வரம்பு 4,050. இரண்டையும் தாண்டிவிட்டேன். இத்தனைக்கும் டிரெய்லரின் நிஜ எடை, டிரக் மேல் சாய்ந்திருக்கும் பங்கையும் சேர்த்து, 7,000 பவுண்டுதான், 11,200 இழுவைத் திறனில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடவில்லை.

இங்கேதான் எல்லோரும் விழுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிரக் டிரெய்லரை இழுப்பது மட்டும் இல்லை, சுமக்கவும் செய்கிறது. டிரெய்லரின் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். டிராவல் டிரெய்லரில் அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், 12, 13-ல் இருந்தால் நல்லது, பத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும். ஆகவே அதைக் குறைத்துத் தப்பிக்கலாம் என்று சாமான்களைப் பின்னால் தள்ளி வைப்பது ஆபத்து. எங்களுடையது 910 பவுண்டு, 13 சதவீதம். விளம்பரத் தாளில் 620 என்று இருந்ததே என்று கேட்டால், அது காலி டிரெய்லர், பேட்டரி இல்லாமல், புரொப்பேன் இல்லாமல். இருபது பவுண்டு சிலிண்டர் என்று சொல்லப்படுவது நிரம்பியிருந்தால் சுமார் 37 பவுண்டு எடை, அப்படி இரண்டு, அப்புறம் பேட்டரிகள், எல்லாமே நேராக மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவின் பெரும்பாலான முகாம்களில் தண்ணீர், மின்சார இணைப்பு கிடையாது, அதனால் டேங்கை நிரப்பிக்கொண்டு போனோம். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் என்றால் 332. காலி எடை 5,600 என்பது 7,000 ஆனது இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்துதான், பெரிய சாமான் எதையும் ஏற்றவில்லை.

இந்த 910 பவுண்டு முழுக்க டிரக்கின் பேலோடில், அதாவது அது சுமக்கலாம் என்று விதித்த எடையில், கழியும். பேலோடு எவ்வளவு என்று எந்த விளம்பரத்திலும் தேட வேண்டாம், ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அச்சடித்திருக்கும். அந்த எண் நீங்கள் நிற்கிற அந்த ஒரு டிரக்குக்கு உரியது. என் முதல் டிரக்கில் 1,447. கணக்கைப் பாருங்கள்: நாங்கள் நான்கு பேர் 500 பவுண்டு, டங் வெயிட் 910, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்கிற இரும்புச் சாமான் 100, பின்னால் படுக்கையில், அதாவது டிரக்கின் திறந்த சரக்குத் தட்டில், சைக்கிள், விறகு, ஐஸ் பெட்டி 200. மொத்தம் 1,710. ஓட்டுநர் எடை அதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும் என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். இல்லை, நிரம்பிய டீசலோ பெட்ரோலோதான் கழிக்கப்பட்டிருக்கும், நீங்கள் ஏறி உட்கார்ந்தால் உங்கள் எடையும் கணக்கில் வரும். படுக்கையில் ஒரு குச்சி விறகு ஏற்றாமல் கிளம்பியிருந்தாலும் நான் வரம்பைத் தாண்டியிருப்பேன்.

அப்படியானால் 11,200 என்ற எண் பொய்யா? பொய் இல்லை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்று ஒரு தரநிலை இருக்கிறது, டொயோட்டா 2011 டுண்ட்ராவில் அதை முதலில் ஏற்றுக்கொண்டது, பெரிய நிறுவனங்கள் எல்லாம் இப்போது அதன்படிதான் இழுவைத் திறனை அறிவிக்கின்றன. அந்தச் சோதனை கடுமையானது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் 11 மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தில், கொளுத்தும் வெயிலில், ஏ.சி.யை முழுசாக வைத்துக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். எஞ்சின், கியர் பாக்ஸ், கூலிங் எல்லாவற்றையும் அது நியாயமாகவே சோதிக்கிறது. ஆனால் அதில் டிரக்குக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டும், ஆளுக்கு 150 பவுண்டு, டங் வெயிட் பத்தே சதவீதம். குழந்தைகள், சைக்கிள், விறகு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. குடும்பத்தோடு முகாமுக்குப் போகிறவனுக்கு இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே பேலோடு தீர்ந்துவிடும். ஹாஃப் டன் டிரக்கில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

சிலர் பின் சஸ்பென்ஷனில் பாரத்தைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப் பை, அதாவது ஏர் பேக், போடச் சொன்னார்கள். போட்டால் டிரக்கின் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். அச்சு, சக்கரம், பிரேக், ஃபிரேம் எதுவும் மாறுவதில்லை, கதவில் இருக்கிற எண்ணும் மாறுவதில்லை. எடைச் சீட்டின்படி 170 பவுண்டு தாண்டினால் என்ன ஆகிவிடும் என்றும் கேட்டார்கள். ஒருவேளை எதுவும் ஆகாமலே இருந்திருக்கும். ஆனால் பின் சீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓல்டு ஃபோர்ட் மலையை இறங்கும்போது, பிரேக் பிடிக்காத லாரிகளுக்காக ஓரத்தில் வெட்டி வைத்திருக்கிற மணல் ஓடைகளைப் பார்த்தபடியே இறங்கியவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தேட எனக்கு மனம் இல்லை.

சரி, இரண்டாவது தேடல். இந்த முறை விற்பனையாளரிடம் பேசுவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகள் நிற்கும் லாட்டுகளுக்குப் போய்க் கதவு ஸ்டிக்கர்களையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கதவு பூட்டியிருந்த இடங்களில் மறுநாள் போன் செய்து, அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சிலர் அனுப்பினார்கள், சிலர் இழுவைத் திறனையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அவர்களை விட்டுவிட்டேன். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே எஞ்சின், பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு ஹாஃப் டன் டிரக்குகளில் ஒன்றில் 1,390, இன்னொன்றில் 1,880. வித்தியாசம் எல்லாம் சொகுசில்தான். கூரை முழுக்கக் கண்ணாடி, மோட்டார் வைத்த தோல் சீட்டு, தானாக இறங்கும் படி, பெரிய சக்கரம், ஒவ்வொன்றும் பேலோடில் கை வைக்கிறது. விலை கூடக் கூடச் சுமக்கும் சக்தி குறையும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

1,880 இருந்தால் என் 1,710 அடங்கும், உண்மை. நான் அதை விட்டதற்கு இரண்டு காரணம். மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்குப் பத்து, இரண்டு பேரும் வளருவார்கள், 170 பவுண்டு மிச்சம் என்பது மிச்சமே இல்லை. அப்புறம் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உள்ள நீளம். முதல் 20 அடி டிரெய்லருக்கு 110 அங்குலம், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் நான்கு அங்குலம் என்று பழையவர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள், சட்டம் இல்லை, ஆனால் அனுபவத்தில் சரியாக வருகிறது. 31 அடிக்கு 154 வருகிறது. கிரூ கேப், சின்னப் படுக்கை வைத்த ஹாஃப் டன் டிரக்குகள் 145 பக்கம் நிற்கின்றன. எஃப்-250 கிட்டத்தட்ட 160.

முக்கால் டன் வகையில் ஃபோர்டு, ராம், ஜி.எம். மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். ராம் 2500-ல் பின்பக்கம் காயில் ஸ்பிரிங், காலியாக ஓட்டும்போது மூன்றிலும் சொகுசு அதுதான். ஜி.எம். டிரக்குகளில் முன் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் நிற்பதால் ஸ்டியரிங் கார் மாதிரி இருக்கும், எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த வருடங்களின் 6.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு ஆறு கியர், எஃப்-250-ல் பத்து கியர். ஏற்றத்தில் எஞ்சினுக்குத் தோதான வேகத்தைப் பிடித்து வைக்கப் பத்து கியர் உதவும் என்று நினைத்துத்தான் ஃபோர்டு பக்கம் சாய்ந்தேன். மூன்றில் எதை எடுத்திருந்தாலும் இந்த டிரெய்லருக்கு நான் நிம்மதியாகத்தான் இருந்திருப்பேன்.

டீசலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலின் டார்க், அதாவது முறுக்கு விசை, 1,000 பவுண்டு-அடியைத் தாண்டுகிறது, மலை இறங்கும்போது எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று டிரக்கைத் தானே பிடித்துக்கொள்ளும், கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் முக்கால் டன் டிரக்குகள் பெரும்பாலும் 10,000 பவுண்டு ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற கோட்டில்தான் நிற்கின்றன, டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனம், அந்தக் கனம் முழுக்கப் பேலோடில்தான் கழிகிறது. உயர்ந்த சொகுசோடு வரும் டீசல் முக்கால் டன் டிரக் ஒன்றின் கதவில் 2,000 சொச்சத்தைப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை, நல்ல ஹாஃப் டன் டிரக்கைவிடக் கொஞ்சம்தான் கூட. அதற்கு மேல் விலை பல ஆயிரம் டாலர் அதிகம், புகையைச் சுத்தம் செய்யும் டி.இ.எஃப். திரவம் ஊற்ற வேண்டும், குளிருக்கும் குட்டிப் பயணத்துக்கும் ஒத்துவராது. டிரக்கின் படுக்கையில் மாட்டி இழுக்கும் 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் டீசல் வாங்கட்டும், அதற்கும் ஒரு டன் டிரக்தான் சரி. 7,000 பவுண்டு டிராவல் டிரெய்லரை வருடத்தில் எட்டுப் பத்து முறை இழுக்கிறவனுக்குப் பெட்ரோல் போதும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது இந்த 7.3 எஞ்சின். டர்போ இல்லை, இரும்பு பிளாக், பழைய முறைப்படி புஷ்ராடு வைத்த வி8. 430 குதிரைத்திறன், 475 பவுண்டு-அடி டார்க், சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோலே போதும். எண்ணளவில் என் பழைய டர்போ டிரக்கைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகம் இல்லை, ஓட்டும்போது வேறு மாதிரி இருக்கிறது. டர்போ எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சொச்சம் சுற்றிலேயே இழுத்துவிடும், இதற்கு டார்க்கின் உச்சம் 4,000 சுற்றில் வருகிறது. அதே ஓல்டு ஃபோர்ட் ஏற்றத்தில் கியரைக் கீழே இறக்கி 4,000-க்குப் போய் அங்கேயே நின்று உறுமும். முதல் முறை மனைவி பயந்துவிட்டாள், ஏதோ உடையப்போகிறது என்று. உடையாது. வெப்பமானி நகரவே இல்லை, 55 மைல் வேகத்தில் கடைசி வரை ஏறியது. சத்தம் பழகிவிட்டால் அது ஒரு தைரியம் கொடுக்கும் சத்தம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இறக்கம். பாரம் இழுப்பதற்கான டோ ஹால் பொத்தானை அழுத்திவிட்டு, சரிவு தொடங்குகிற இடத்தில் பிரேக்கை ஒரு முறை அழுத்தினால் கியர் தானாக இறங்கி எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு சதவீத இறக்கம் முழுவதிலும் நான் பிரேக்கைத் தொட்டது நான்கு முறையோ ஐந்து முறையோ. டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் டாஷ்போர்டிலேயே இருக்கிறது, எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று அமைத்து வைத்துக்கொள்ளலாம், டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் அதன் நெம்புகோலைக் கையால் மெதுவாக அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கலாம். ஆட்டம் வரும்போது டிரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தப் பார்க்காதீர்கள், ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு அந்த நெம்புகோலை அழுத்துங்கள். எனக்கு இந்த டிரக்கில் அதற்குத் தேவையே வந்ததில்லை, ஆனால் கை எங்கே போக வேண்டும் என்பதை வெறும் பார்க்கிங் லாட்டில் பத்து முறை பழகி வைத்திருக்கிறேன்.

மறுபடி கேட் ஸ்கேல், அதே குடும்பம், அதே சாமான், அதே டிரெய்லர். முன் அச்சு 4,160, பின் அச்சு 4,460, டிரெய்லர் 6,160. டிரக்கின் பங்கு 8,620, வரம்பு 10,000. பின் அச்சின் வரம்பு 6,000-க்கும் மேலே. கதவு ஸ்டிக்கரில் 3,012 பவுண்டு. செமி டிரக் முந்தும்போது இப்போதும் ஒரு தள்ளு தெரியும், தெரியாது என்று சொன்னால் அது பொய், எட்டடி அகலப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு போனால் காற்று தள்ளத்தான் செய்யும். ஆனால் தள்ளு டிரக்கின் பின்பக்கத்தோடு நின்றுவிடுகிறது, ஸ்டியரிங்குக்கு வருவதில்லை. இதில் டயருக்கும் பங்கு உண்டு. ஹாஃப் டன் டிரக்குகள் பலவற்றில் காரைப் போன்ற மெத்தென்ற டயர், 35 பி.எஸ்.ஐ. காற்று, இங்கே பக்கச் சுவர் கெட்டியான எல்.டி. டயர், அதில் 60-க்கு மேல் அடிக்கிறோம்.

ஹிட்ச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய டிரக் வந்ததும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சைக் கழற்றிவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் கழற்றவில்லை. மூக்குப் பாரம் பின்னால் அழுத்தும்போது முன் சக்கரங்கள் லேசாகும், ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் அங்கேதான் இருக்கின்றன, அந்தக் கம்பிகள் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் திருப்பித் தள்ளுகின்றன. ஹாஃப் டன் டிரக் வைத்திருப்பவர்கள் பின் பம்பருக்குக் கீழே குனிந்து, ஹிட்ச்சைச் செருகும் ரிசீவரில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள். அந்த ஹிட்ச் இல்லாமல் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு மூக்குப் பாரம், அவ்வளவுதான் என்று பலவற்றில் போட்டிருக்கும்.

சுமக்கத் தெரிந்த எந்த முக்கால் டன் டிரக்கிலும் இருக்கிற தொல்லைகள் இதிலும் உண்டு. காலியாக ஓட்டினால் பள்ளம் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும், டிரெய்லரை மாட்டியதும்தான் ஸ்பிரிங் இறங்கிச் சாந்தமாகும். நீளம் 20 அடியைத் தாண்டுவதால் எங்கள் வீட்டு கராஜில் நுழையாது, வாசலில்தான் நிற்கிறது, வாங்குவதற்கு முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். மளிகைக் கடைக்கு இதை எடுத்துக்கொண்டு போவதில்லை. எரிபொருள் விஷயத்தில் யாரிடமும் ஏமாற வேண்டாம்: 8,500 பவுண்டுக்கு மேல் ஜி.வி.டபிள்யூ.ஆர். உள்ள டிரக்குகளுக்கு ஜன்னலில் மைலேஜ் லேபிள் ஒட்டும் கட்டாயம் இல்லை, ஆகவே புதிதாக வாங்கினாலும் எண் இருக்காது. எனக்கு டிரெய்லரோடு காலனுக்கு 9 முதல் 10 மைல், காலியாக நெடுஞ்சாலையில் 14, 15. பழைய ஹாஃப் டன் டிரக்கும் டிரெய்லரோடு இதே 9, 10-தான் கொடுத்தது. டிரெய்லரின் அந்தச் சுவர் மாதிரியான முகப்பைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போவதற்குத்தான் பெட்ரோல் எரிகிறது, எந்த டிரக் தள்ளினாலும் கிட்டத்தட்ட அதே செலவு. 65-லிருந்து 60-க்கு இறங்கினால் நன்றாகவே மிச்சமாகிறது, டிரெய்லர் டயர்களுக்கும் அதுதான் நல்லது, அவற்றில் நிறைய 65 மைல் வேகத்துக்குத்தான் செய்யப்பட்டவை.

யாருக்கு இந்த டிரக் வேண்டாம்? கணவன் மனைவி இருவர் மட்டும், 5,000 பவுண்டுக்குள் டிரெய்லர் என்றால் நல்ல பேலோடு உள்ள ஹாஃப் டன் போதும், தினமும் வேலைக்கும் அதையே ஓட்டலாம். கொலராடோ பக்கம் இருக்கிறவர்களுக்கும் என் சிபாரிசு வேறு. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் மூன்று சதவீத பலத்தை இழக்கும். எங்கள் ஊர் மலைகளில் அது பெரிதாகத் தெரியாது. ஐ-70-ல் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி, அங்கே ஏறும்போது இந்த 430 குதிரைகளில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அந்தப் பக்கம் அடிக்கடி இழுக்கிறவர்கள் டர்போ பெட்ரோலோ டீசலோ பாருங்கள். மின்சார டிரக்கைக் கேட்ட நண்பருக்கும் சொன்னேன், இழுக்கும் பலம் தாராளமாக இருக்கிறது, ஆனால் இப்படிப் பெரிய பெட்டியைக் கட்டினால் ஓடும் தூரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும், சார்ஜ் போடும் பல இடங்களில் டிரெய்லரைக் கழற்றினால்தான் உள்ளேயே போக முடியும்.

லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம், டிரக், டிரெய்லர் இரண்டின் அதிகபட்ச எடைகளும் சேர்ந்து 26,001 பவுண்டுக்குக் கீழே இருந்தால் எங்கள் மாநிலத்தில் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். என்னுடையது 17,600.

இந்த எக்ஸ்.எல்.டி.யில் முன்பக்கம் பெஞ்சு சீட்டு, நடுவில் கைவைக்கும் பகுதியைத் தூக்கிவிட்டால் ஆறு பேர் உட்காரலாம். வாங்கும்போது அதை நான் கவனிக்கவே இல்லை. போன வாரம் ஊரிலிருந்து போனில் அப்பா, அடுத்த கோடைக்கு விசா கிடைத்துவிட்டது, அம்மாவும் வருகிறாள், “அந்த வண்டியில எங்களுக்கும் இடம் இருக்குமாப்பா” என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து 280 பவுண்டு. ஏற்கெனவே இருக்கிற 1,710-ஐயும் அதையும் 3,012-ல் கழித்தேன். இன்னும் 1,022 பவுண்டு மிச்சம். “இருக்குப்பா, உங்க பெட்டியையும் சேர்த்து இருக்கு” என்றேன்.